தபால், பார்சல் மாதிரி வண்டிகள் கரைச்சல் தந்தால்: மலையகத்தில் சேகரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

மாதிரி ரயில் பழுதுபார்ப்பது பற்றிக் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிறது, அறை காய்ந்து கிடக்கிறது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே தொடங்கிச் செப்டம்பர் வரை துவைத்த சட்டையே காயாது. பண்டாரவளையும் பதுளையும் அந்த மாதங்களில் தப்பித்தாலும், வருடக் கடைசி மழை அவற்றையும் விடாது. ஆகவே ஒரு வண்டி ஓடவில்லை, உரிகிறது, வளைகிறது என்றால் ஸ்குரூ ட்ரைவரை எடுக்க முதல் அது எங்கே, எதற்குள் வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பழுதுகளில் பெரும்பங்கு தண்டவாளத்தில் உண்டாவதில்லை, அலமாரியில்தான் உண்டாகிறது.

தபால், பார்சல் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். எஞ்சினை அடிக்கடி ஓட்டிப் பார்ப்போம். பயணிகள் வண்டி அதன் பின்னால் போகும். பிரேக் வேன் (கார்டும் சாமான்களும் போகும் வண்டி), பார்சல் வேன், தபால் பிரிக்கும் வண்டி எல்லாம் ஆசைக்கு வாங்கி அட்டைப் பெட்டியோடு அடுக்கி வைப்பவை. மூன்று வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் சங்கதி தெரியும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஓஓ அளவு, அதாவது 1:76 வண்டிகளைப் பற்றியது. இங்கே நமக்குக் கைமாறிக் கிடைப்பவை அவைதாம்.

வண்டியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

வெள்ளை என்றதும் பூஞ்சணம் என்று துடைக்கப் போகாதீர்கள். குறைந்தது ஐந்து விதமான வெள்ளை உண்டு, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுக்கும். வெள்ளை எந்தப் பொருளின் மேல் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

அட்டைப் பெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக், இரண்டு வண்டிகளை இணைக்கும் மடிப்பு வாசல் ஆகியவற்றில் பஞ்சு மாதிரி மெல்லியதாக இருந்து, உலர்ந்த தூரிகை பட்டதும் உதிர்ந்தால் அது பூஞ்சணம். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து, நிழலில் காயவிடுங்கள். சேர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம். பூஞ்சணத்துக்கு அது நல்லதுதான், ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட எழுத்துகளையும் இலக்கங்களையும் சேர்த்துக் கழற்றிவிடக்கூடும். தபால் வண்டிக்கு அந்த எழுத்து போனால் மிச்சம் ஒரு சிவப்புப் பெட்டிதான். அட்டைப் பெட்டியில் பிடித்த பூஞ்சணம் அட்டையின் உள்ளேயே இருக்கும், மழை வந்தால் மறுபடி முளைக்கும். அப்படியான பெட்டியை வண்டியிடமிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்.

வார்ப்பு உலோகச் சட்டம், போகி (வண்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்), சக்கரம் ஆகியவற்றின் மேல் கெட்டியான வெள்ளைப் பொடி இருந்தால் அது துத்தநாகம் அரித்த உப்பு. மேலாக மட்டும் இருந்தால் நார்த் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய வார்னிஷ் பூசலாம். கூடவே வெடிப்போ வீக்கமோ தெரிந்தால் அது வேறு நோய், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கையால் கட்டிய கிட் வண்டியாக இருந்து, பக்கச் சுவர்கள் வெளியே தள்ளி, தரை பிளந்து, உள்ளே வெள்ளைத் தூள் இருந்தால் ஈயத்தைச் சந்தேகியுங்கள். பாரத்துக்காக ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து உள்ளே ஒட்டுவது ஒரு காலத்தில் பலரும் செய்த வேலை. பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலமும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரிக்க, உருவாகும் வெள்ளைக் காரீய உப்பு ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கிறது. வண்டி உள்ளிருந்தே பிளக்கிறது. அந்தத் தூள் நஞ்சு. ஊதாதீர்கள், உலர்வாகத் தட்டாதீர்கள், ஈரத் துணியால் எடுத்துக் கட்டி எறிந்துவிட்டுக் கை கழுவுங்கள், சமையல் மேசையில் இந்த வேலை வேண்டாம். மீண்டும் பாரம் வைக்க இரும்பு வாஷர்களுக்கு வர்ணம் பூசி, எப்பொக்சியால் ஒட்டுங்கள்.

இதே காரணத்துக்காக ஒரு பக்கக் குறிப்பு. மலையகத்தில் பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தால் எதையாவது போட்டு வைக்காமல் நமக்கு மனம் ஆறாது. மாதிரி வண்டிகளுக்கு அது ஆகாது. ஒட்டுப்பலகை வருடக்கணக்கில் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே ஒட்டிய உலோகத்தாள் கிழிந்த பெட்டியில் இன்னும் மோசம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு மலிவான ஈரப்பதமானி, இது போதும். அளவு 45க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். எங்கள் பக்கம் அறைக்குள்ளேயே 80ஐத் தாண்டுவது சாதாரணம். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் ஒவனில் 110, 120 பாகை சூட்டில் ஒன்றிரண்டு மணிநேரம் காய வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். மழைக்காலத்தில் இதைச் செய்யாதவர்களின் பெட்டியில் இருப்பது ஈரம் குடித்து முடித்த வெறும் மணிகள்.

நான்காவது வெள்ளை, நீங்களே வார்னிஷ் அடித்த பிறகு வண்டி முழுவதும் பரவும் பனி மூட்டம். வார்னிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் அது அங்கே படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். சுரண்டத் தேவையில்லை. வெயில் உள்ள, காற்று காய்ந்த ஒரு நாளில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் மூட்டம் கரைந்து தெளியும். ஸ்ப்ரே டின்னை முன்கூட்டியே வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். கொதிநீர் கூடவே கூடாது. வர்ணம், வார்னிஷ் வேலை எல்லாவற்றையும் பெப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பது இங்கே புத்திசாலித்தனம்.

ஐந்தாவது, ஜன்னல் மட்டும் பால் நிறமாவது. சுப்பர் குளூவின் ஆவி. ஜன்னலை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள், அவ்வளவுதான்.

உலோகச் சட்டம் வெடித்திருக்கிறது, வீங்கியிருக்கிறது, தொட்டால் உதிர்கிறது

இதற்கு மருந்து இல்லை. மசாக் என்று அழைக்கப்படும் துத்தநாக வார்ப்புலோகத்தில் வார்க்கும்போதே சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு ஓடி, பாகம் நீண்டு, வளைந்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், ஆனால் விதை தொழிற்சாலையிலேயே விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய, ஹோர்ன்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஓ அளவு (ஓஓவைவிடப் பெரியது) வண்டிகளின் சக்கரங்கள் இதற்குப் பேர்போனவை. பழையதில் மட்டும்தான் வரும் என்றில்லை, இந்த நூற்றாண்டில் செய்த வார்ப்புகளிலும் பார்க்கலாம்.

இரும்புத் துரு மாதிரி இது பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தொற்றாது. ஆனால் நீண்டுபோகும் சட்டம் அதன் மேல் பூட்டிய பிளாஸ்டிக் உடலைப் பிளக்கும். ஆகவே சந்தேகம் வந்த உடனே உடலைக் கழற்றித் தனியே வையுங்கள், உடல்தான் காப்பாற்றத் தக்கது. வாங்கும் முன்பு ஒரு நேர்கோலைச் சட்டத்தின் பக்கம் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் வில் போல இடைவெளி தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் உடல் முறுக்கிக்கொண்டது, புளிப்பு வாடை அடிக்கிறது

1950களின் முற்பகுதியில் ரோவெக்ஸ், ட்ரை-ஆங் என்ற பிரிட்டிஷ் பெயர்களில் வந்த வண்டிகளில் சில செலுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. அது காலப்போக்கில் சுருங்கி முறுக்கும், வினாகிரி வாடை விடும். சூடு காட்டி நிமிர்த்த முயன்றால் சில வாரங்களில் திரும்ப வளையும். அதை மற்ற வண்டிகளோடு மூடிய பெட்டியில் வைக்காமல் காற்றோட்டமாக வைப்பதுதான் செய்யக்கூடியது. அந்த ஆவி துத்தநாகத்தையும் ஈயத்தையும் அரிக்கும்.

காலையில் உருளவில்லை, மத்தியானம் உருளுகிறது

சிரிப்பு வரும், ஆனால் நுவரெலியாவில் இது உண்மையான பழுது. யாரோ அச்சு முனைகளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் ஓடிய வண்டி இங்கே மெழுகில் நிற்கிறது. சக்கரச் சோடிகளைக் கழற்றி, அச்சு முனையையும் போகியின் குழியையும் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒவ்வும் மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். ஒரு துளி என்பதே அதிகம்.

எண்ணெய் இல்லாமலேயே இறுகினால் இரும்பு அச்சு முனையில் துருவைத் தேடுங்கள். கூர்முனை அச்சுக்கு அந்த முனைதான் எல்லாம். அதை நுண்ணிய எமரித் தாளில் சுழற்றி மினுக்கினால் சரியாகும்.

வளைவில் தடம் புரள்கிறது, பஃபர்கள் (வண்டி முனைகளில் உள்ள மோதுதாங்கிகள்) கொளுவிக்கொள்கின்றன

தபால், பார்சல் வண்டிகளில் அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இது. நியாயமும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 வகைப் பிரேக் வேனின் உடல் 57 அடி. ஓஓ அளவில் அது 228 மி.மீ. வீட்டு மேசையில் நாம் போடும், இரண்டாம் ஆரை என்ற பெயரில் விற்கும் வளைவின் ஆரை 438 மி.மீ. நம்முடைய மலைப்பாதையின் மிகக் கூர்மையான வளைவு 5 செயின், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரை. உலகமே மூச்சுவிட மறக்கும் வளைவுகள் அவை. அதையே ஓஓ அளவுக்குச் சுருக்கினால் 1.3 மீற்றர் வருகிறது. அதாவது தெமோதரைப் பக்கத்து வளைவைவிட மூன்று மடங்கு மோசமான வளைவில் வண்டியைத் திருப்பிவிட்டு, ஏன் புரள்கிறது என்று கேட்கிறோம்.

சரி, இடம் இல்லை, அந்த வளைவுதான் இருக்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எப்போதும் ஒரே இடத்தில் புரள்கிறதா, எல்லா இடத்திலுமா? ஒரே இடம் என்றால் வண்டியை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பாருங்கள். பலகை ஈரம் குடித்து உப்பி, இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் தண்டவாளம் படி ஏறியிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் வரும் புரளல் என்றால் அனேகமாக இதுதான். ஒட்டுப்பலகையின் இருபுறமும் வர்ணம் பூசாமல் மேசை அடித்தவர்களுக்கு ஒவ்வொரு ஜூனிலும் இந்தத் தலையிடி உண்டு.

எல்லா இடத்திலும் புரள்கிறது, ஆனால் ஒரே வண்டி என்றால் சக்கரச் சோடியின் உள்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். ஓஓவுக்கு இன்றைய வழக்கம் 14.5 மி.மீ. பழைய ட்ரை-ஆங் சக்கரங்கள் இதைவிட நெருக்கமானவை, விளிம்பும் தடிப்பு. இன்றைய பொயின்ட்டுகளில், அதாவது பாதை பிரியும் இடங்களில், அவை தட்டி ஏறும். இத்தாலிய நிறுவனமான லிமாவின் வண்டிகளில் வேறு கதை. அவர்களது பழைய பார்சல் வேன்கள், பால் கொண்டுபோன சைஃபன் வேன் எல்லாம் பார்க்க அழகு, விலையும் கைக்கு எட்டும். சக்கர விளிம்பு மட்டும் ஆழம். உயரமான கோட் 100 தண்டவாளத்தில், அதாவது 2.54 மி.மீ. உயரத்தில், ஓடும். 1.9 மி.மீ. உயரமுள்ள கோட் 75இல் தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப்புகளில் தடதடவென்று இடிக்கும். அப்படிச் சத்தம் கேட்டால் சக்கரத்தை மாற்றுங்கள், வேறு வழி தேட வேண்டாம். கழற்றிய பழைய சக்கரங்களை எறியாமல் வண்டியின் பெட்டிக்குள் ஒரு உறையில் போட்டு வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

அடுத்தது பாரம். வெற்றுப் பார்சல் வேனுக்குள் இருக்கையும் இல்லை, ஆளும் இல்லை, அதனால் சில மாதிரிகள் மிக இலேசு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, ஓஓவைவிடச் சற்றுச் சிறிய எச்ஓ அளவுக்குச் சொல்லும் கணக்கு ஒரு அவுன்ஸ், அதன் மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 9 அங்குல வேனுக்கு ஐந்தரை அவுன்ஸ், சுமார் 156 கிராம். ஓஓவுக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மலைப்பாதை போட்டவர்கள் முழுக் கணக்குக்கும் போக வேண்டாம். நிஜக் கோச்சிக்கே 1க்கு 44 ஏற்றம் போதும் போதும் என்றாகிறது, மாதிரி எஞ்சினுக்கும் ஏழு பார்சல் வேன்களின் பாரம் மேலே தெரியும். நான் 120 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். பாரத்தை வண்டியின் தரையில், போகிகளுக்கு நேர் மேலே வையுங்கள். கூரையில் ஒட்டினால் சாயும்.

பஃபர் கொளுவல் பெரும்பாலும் நீண்ட வண்டியும் குட்டை வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் போகும்போது வரும். பார்சல் ரயிலில் இதுதான் சிக்கல், அதன் அழகும் அதுவே. 57 அடி வேன், நாலு சக்கர வேன், ஆறு சக்கர வேன் எல்லாம் ஒரே ரயிலில் கலந்து போகும். ஆறு சக்கர வண்டியின் நடு அச்சு பக்கவாட்டில் தாராளமாக நகர வேண்டும். அது இறுகியிருந்தால் வண்டி அதன் மேல் ஊஞ்சலாடும். வண்டிகளை இணைக்கும் கொளுவியின் உயரத்தையும் பாருங்கள். என்இஎம் எனப்படும் பொது அளவுக் குழியில் செருகும் கொளுவிகள் சில காலத்தில் தொய்ந்துவிடும். குழிக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு செருகினால் நிமிரும். பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் கொளுவுகிறது என்றால் ஒரு அளவு நீளமான கொளுவியைப் போடுங்கள். இடைவெளி கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். பரவாயில்லை.

வண்டியைத் தண்டவாளத்தில் வைத்ததும் கரண்ட் நிற்கிறது

மூன்று தண்டவாளக் காலத்து ஹோர்ன்பி டப்ளோ வண்டியா என்று பாருங்கள். அவற்றின் உலோகச் சக்கரங்களும் அச்சும் ஒன்றோடொன்று மின்தொடர்பு உள்ளவை. இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஒவ்வோர் அச்சும் ஒரு ஷோட். கண்காட்சிப் பொருளாக வைத்திருங்கள், அல்லது மின்காப்புள்ள சக்கரச் சோடி போடுங்கள்.

எல்லா வண்டியும் நன்றாக இருந்து, இடி முழங்கிய அடுத்த நாள் கன்ட்ரோலரே செத்துக் கிடந்தால் அது வேறு. ஏப்ரல், ஒக்டோபர் பின்நேரங்களில் மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடும் பழக்கம் வேண்டும், சுவிட்சை அணைப்பது போதாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் கன்ட்ரோலரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகியவர்களும் உண்டு. அதற்கு அறிகுறி புகை.

தபால் பையைப் பிடிக்கும் வலை வேலை செய்யவில்லை

ஓடும் ரயில் நிற்காமலே கம்பத்தில் தொங்கும் தபால் பையை வலையில் வாரிக்கொள்ளும் அமைப்பை இங்கிலாந்தில் 1971 ஒக்டோபர் வரை நிஜமாகவே பாவித்தார்கள். ட்ரை-ஆங்கும் பிறகு ஹோர்ன்பியும் செய்த மாதிரியில், பாதையோரம் பூட்டும் ஒரு சரிவுத் துண்டு வண்டியின் அடியில் உள்ள நெம்பைத் தட்டும், பை உள்ளே போகும், மறுபக்கத்தில் விழும்.

பை பிடிபடவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அந்தச் சரிவுத் துண்டின் உயரம்தான். அது தடிப்பான பழைய தண்டவாளத்துக்காக அளவெடுத்தது. இன்றைய தண்டவாளத்தில் ஆடும், தாழ்ந்து நிற்கும். அடியில் ஒரு மட்டைத் துண்டு வைத்து உயர்த்துங்கள், நெம்பு முழுதாகத் தட்டப்படும் வரை மெல்ல மெல்லச் சேருங்கள். அதிகம் உயர்த்தினால் எஞ்சினின் அடியே தட்டும். அதன் பிறகும் சரிவராவிட்டால் வேகத்தைப் பாருங்கள். ஊர்ந்தால் பை தொங்கும், பறந்தால் பை எதிர்ச் சுவரில் அடிக்கும். நெம்பின் ஸ்பிரிங்கில் துரு இருந்தால் எண்ணெய் விட வேண்டாம், மாற்றுங்கள். அசல் பைகள் தொலைந்த வண்டிதான் அதிகம் விற்பனைக்கு வரும். கடையில் விற்கும் மாற்றுப் பைகளின் பாரமும் வடிவமும் சற்று மாறினாலே பொறி குழம்பும்.

உள்விளக்கு மினுங்குகிறது

இரவெல்லாம் தபால் பிரிக்கும் வண்டிக்கு உள்ளே வெளிச்சம் இருந்தால்தான் அழகு, மினுங்கினால் எரிச்சல். முதலில் சக்கரத்தின் கறுப்பு அழுக்கைத் துடையுங்கள், இங்கே ஸ்பிரிட் பாவிக்கலாம். மின்சாரம் எடுக்கும் தகட்டின் முனையை அழிறப்பரால் தேயுங்கள். அதன் பிறகும் மினுங்கினால் எல்இடி பட்டியோடு ஒரு ரெக்டிஃபையரும் 25 வோல்ட், 470 மைக்ரோஃபரட் மின்தேக்கியும் சேர்த்தால் சிறு தடங்கல்களைத் தாண்டும். மின்தேக்கியின் முனைகளை மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். அது வெடிக்கும்.

வண்டியும் பெட்டியும் பொருந்தவில்லை, ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது

இது பழுது இல்லை, ஆனால் காசு போகும் அறிகுறி. பெட்டியின் பெயரையும் அடித்தட்டில் வார்த்த பெயரையும் ஒப்பிடுங்கள். ட்ரை-ஆங் என்ற பெயர் 1965 அளவில் ட்ரை-ஆங் ஹோர்ன்பியாகி, 1972இலிருந்து ஹோர்ன்பி ரயில்வேஸ் ஆனது. முதல் காலத்து வண்டி மூன்றாம் காலத்துப் பெட்டிக்குள் இருந்தால் யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். போகிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறம், மினுமினுப்பு ஒன்றுதானா என்று பாருங்கள்.

வலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1980களில் வந்த ரோயல் மெயில் சிவப்பில் வலை இருக்கவே கூடாது, நிஜ வண்டியில் அது எப்போதோ போய்விட்டது என்பது சரிதான். ஆனால் பையைப் பிடிக்கும் பொம்மைக்கு எந்த வர்ணம் அடித்தாலும் வலை வேண்டும். தயாரித்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சிவப்பு செம்மஞ்சளாக வெளுத்திருந்தால் அது ஜன்னலோரம் இருந்த வண்டி, மறுவர்ணம் அடித்தது அல்ல. கூரையை மெல்ல நெம்பி, வெயில் படாத விளிம்பின் நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் நைட் மெயிலின் தபால் வண்டியாக வர்ணம் மாற்றிய வண்டியும் கைக்கு வரும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முன்னிருந்து பார்த்தால் ஒல்லிக் காலில் நிற்பது போலத் தெரியும். நம்முடைய பாதை 5 அடி 6 அங்குலம், ஓஓ அளவில் அது 22 மி.மீ. ஆக வேண்டும். இந்தச் சக்கரம் ஓடுவது 16.5 மி.மீ. பாதையில். திருத்த வேண்டுமானால் பாதை, சக்கரம், பொயின்ட் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் உயரத்தில் சுவர்த் தட்டு அடித்து அதில் வைப்பது சுகமான வழி.